மாதச் செலவைக் குறைக்க: எங்கே கை வைக்கலாம், எதை விட்டுவிடலாம்

வீட்டுச் செலவைக் குறைக்கலாம் என்று முடிவெடுத்தவுடன் பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது டீ, வடை, ஞாயிற்றுக்கிழமைக் கறி, பிள்ளைகள் கேட்கும் ஐஸ்கிரீம் இவற்றில்தான். கண்ணுக்குத் தெரிகிற செலவு, அதனால் குறைப்பதும் சுலபம் என்று தோன்றும். ஆனால் அது தினமும் மனதோடு மல்லுக்கட்டுகிற வேலை. ஒரு வாரம் ஓடும், இரண்டாவது வாரம் வீட்டில் யாருக்காவது எரிச்சல் வரும், மூன்றாவது வாரம் "இவ்வளவு நாள் சிக்கனமாக இருந்தோமே" என்று குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போய், மிச்சம் பிடித்ததை எல்லாம் அங்கே கொடுத்துவிட்டு வருவோம்.

அதனால் ஒரு செலவைக் குறைப்பதற்கு முன் நான் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வேன். ஒரு தடவை உட்கார்ந்து சரிசெய்துவிட்டால் அதற்கப்புறம் மாதாமாதம் தானாகவே மிச்சமாகுமா? அந்த மிச்சத்துக்காக வீட்டில் யார் கூடுதலாக உழைக்கப் போகிறார்கள்? இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. நம் வீடுகளில் சிக்கனம் என்ற பெயரில் நடப்பதில் பாதி, அம்மாவோ மனைவியோ அடுப்படியில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்பதுதான். அதை மிச்சம் என்று கணக்கில் எழுதுவது அநியாயம்.

கீழே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் நாலு பேர் இருக்கிற, மாதச் சம்பளத்தில் ஓடுகிற வீட்டை மனதில் வைத்து.

முதலில், நோட்டு வாங்க வேண்டாம்

எல்லோரும் "தினமும் செலவை எழுதுங்கள்" என்பார்கள். ஒன்றாம் தேதி எழுதுவோம், ஐந்தாம் தேதிக்கு மேல் நோட்டு பால் கணக்கு போடத்தான் பயன்படும். இப்போது காய்கறி வண்டி வரைக்கும் ஸ்கேன் செய்துதான் கொடுக்கிறோம் என்பதால் முக்கால்வாசி செலவு ஏற்கெனவே எங்கோ எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. பேங்க் ஆப்பில் கடைசி இரண்டு மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேனாவோடு உட்காருங்கள். மாதாமாதம் ஒரே மாதிரி போவது (வாடகை, இஎம்ஐ, பள்ளி வேன், ஆட்டோபேயில் தானாகப் போகிற காசு) ஒரு குறி. 500 ரூபாய்க்கு மேல் போனது இன்னொரு குறி. மீதி எல்லாம் சில்லறை. அந்தச் சில்லறையை ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டு போகாமல் பெயர்வாரியாகக் கூட்டுங்கள்: மருந்துக் கடைக்கு மொத்தம் எவ்வளவு, பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து தரும் ஆப்புக்கு எவ்வளவு, முக்குக் கடைக்கு எவ்வளவு என்று. பொதுவாக எதிர்பார்க்காத ஒரு பெயர் மேலே வந்து நிற்கும். அதுதான் உங்கள் வீட்டில் கை வைக்க வேண்டிய இடம், இணையத்தில் யாரோ எழுதியது இல்லை (இந்தக் கட்டுரையையும் சேர்த்துத்தான்).

சில்லறைச் செலவுக்கு ஒரு ஏற்பாடு செய்யலாம். யுபிஐ லைட் என்று இருக்கிறதே, அதில் 5,000 ரூபாய் வரை போட்டு வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் எண் போடாமலே கட்டலாம். வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை அதில் போட்டுவிட்டு, தானாக நிரப்பிக்கொள்ளும் வசதியை நிறுத்திவிடுங்கள். தீர்ந்தால் தீர்ந்தது, ஞாயிற்றுக்கிழமைதான் மறுபடி. சம்பளக் கணக்கிலிருந்து நேராக எடுத்தால் மீதி எவ்வளவு என்பதே கண்ணில் படாது; இங்கே அது ஒவ்வொரு தடவையும் முகத்துக்கு நேரே தெரியும். பாட்டிமார்கள் சிறுவாட்டுப் பணத்தைத் தனியாக முடிந்து வைத்ததும் இதே காரணத்துக்குத்தான், ஆனால் அவர்கள் அதைச் செலவுக்கு வைக்கவில்லை, நம்மைவிட விவரமானவர்கள்.

கரண்ட் பில்லில் 500 என்கிற எல்லை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு தடவை புரிந்துகொண்டால் வருஷத்துக்கு ஆறு பில்லிலும் பலன் தரும்.

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500ஐத் தாண்டினால் என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2024 ஜூலையில் மாற்றிய கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 என்ற படியே காணாமல் போய்விடும். 101லிருந்து 400 வரை முழுக்க 4.70 ஆகிவிடும், 501 முதல் 600 வரை வருகிற யூனிட்டுக்கு 8.40, அதற்கு மேல் இன்னும் கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,124 ரூபாய். அந்தக் கடைசிப் பத்து யூனிட்டுக்கு மட்டும் 319 ரூபாய் கொடுக்கிறோம், ஒரு யூனிட் கிட்டத்தட்ட 32 ரூபாய்.

அதாவது 300 யூனிட்டில் இருக்கிற வீடு இன்னும் பத்து யூனிட் குறைத்தால் 47 ரூபாய்தான் மிச்சம், அதற்காக ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க உட்கார வேண்டிய அவசியமே இல்லை. 480லிருந்து 600க்குள் இருக்கிற வீடுதான் கவனமாக இருக்க வேண்டும். போன தடவை ரீடிங் எடுத்த தேதி பில்லிலேயே இருக்கும். அதிலிருந்து ஒன்றரை மாதம் கழித்து மீட்டரைப் போய்ப் பாருங்கள். 45 நாளில் 400 ஓடியிருந்தால் 60 நாளில் 533 வரும். மீதி பதினைந்து நாளில் 30, 40 யூனிட் குறைப்பது முடியாத காரியம் இல்லை, ஆனால் அதை ரீடிங் எடுத்த பிறகு யோசித்துப் பயனில்லை.

எங்கே குறைப்பது? ஏசிதான் முதல் ஆள். 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் முத்திரையோடு வருகிற ஏசியை ஆன் செய்தால் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது, நாம்தான் ரிமோட்டை எடுத்து 18க்குக் கொண்டு போகிறோம். 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே. ஒரு டிகிரி ஏற்றினால் 6 சதவீதம் அளவுக்கு மின்சாரம் மிச்சம் என்பது மின் சிக்கனத்துக்கான மத்திய அரசு அமைப்பே சொல்லும் கணக்கு. 26ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் போர்வை தேவைப்படாத அளவுக்குத் தூக்கம் வரும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழற்றிக் குழாயடியில் காட்டுங்கள், அதற்கு மெக்கானிக் வேண்டாம்.

அடுத்தது ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், குறைந்த கரண்டில் ஓடுகிற பிஎல்டிசி வகை ஃபேன் முழு வேகத்தில் 30 வாட்டைச் சுற்றித்தான். தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினால் ஒரு பில்லுக்கு 32 யூனிட் குறையும். விலை மூவாயிரம் ரூபாயைச் சுற்றி இருக்கிறது, யூனிட்டுக்கு 4.70 கட்டுகிற வீட்டில் போட்ட காசு திரும்ப மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும், ஆனால் 500ஐத் தாண்டித் தாண்டி நிற்கிற வீடு என்றால் அதைவிட வெகு சீக்கிரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ராத்திரி முழுக்க ஓடுவது எது, பகல் முழுக்க ஓடுவது எது என்று பார்த்து அந்த இரண்டை மட்டும் மாற்றுங்கள். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடுகிற ஃபேன் பழசாகவே இருக்கட்டும்.

கீசர் பெரும்பாலும் 2,000 வாட். அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். "யாராவது குளிப்பார்கள்" என்று காலை முழுக்க அதை ஆனில் விடுகிற பழக்கம்தான் செலவு, குளிப்பது செலவு இல்லை. டிவியை ரிமோட்டில் நிறுத்திவிட்டு செட் டாப் பாக்ஸை அப்படியே விட்டால் அது 10 வாட் போல இழுத்துக்கொண்டே இருக்கும், ஒரு பில்லுக்கு 14 யூனிட். சுவரில் இருக்கிற ஸ்விட்ச் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தால் எல்லோரும் நிறுத்துவார்கள், சோபாவுக்குப் பின்னால் இருந்தால் கடவுளே வந்தாலும் நிறுத்த மாட்டார். ஐம்பது அடி தள்ளி இருக்கிற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு போடச் சொல்லுங்கள், ஒரு தடவை வேலை.

வாடகை வீடு பார்க்கிறவர்களுக்கு ஒன்று: தனி மீட்டர் இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். சில இடங்களில் வீட்டுக்காரர் ஒரே இணைப்பில் சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று வாங்குவார். அங்கே 100 யூனிட் இலவசமும் கிடையாது, 2.35ம் கிடையாது. 300 யூனிட் ஓடுகிற குடும்பம் தனி மீட்டரில் 705 ரூபாய் கட்டும், யூனிட் எட்டு ரூபாய் வீட்டில் 2,400. மாதத்துக்கு 850 ரூபாய் வித்தியாசம், அது வாடகையில் மறைந்திருக்கிற வாடகை. சொந்த வீடு, மொட்டை மாடி, பில் 500க்கு மேலேயே நிற்கிறது என்றால் மாடியில் சோலார் பேனல் வைக்க 2024ல் வந்த பிரதமர் சூர்ய வீடு திட்டத்தைப் பாருங்கள், 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். பில்லே 200 யூனிட்டில் இருக்கிற வீட்டுக்கு அது தேவையில்லை, விற்க வருகிறவர் என்ன சொன்னாலும்.

காய்கறி, மளிகை

காய்கறியில் பேரம் பேசுவதைவிடப் பருவம் பார்ப்பது லாபம். முருங்கைக்காய் கார்த்திகை, மார்கழியில் தங்க விலை விற்கும், பங்குனி, சித்திரையில் கேட்பாரில்லாமல் கிடக்கும். சாம்பாரில் முருங்கைக்காய்தான் இருக்க வேண்டும் என்று டிசம்பரில் அடம்பிடித்தால் அதற்கு மருந்து இல்லை. மழையில் தக்காளி ஏறினால் ஒரு மாதம் புளியை வைத்து ஓட்டலாம், புளிக்குழம்புக்கும் வத்தக்குழம்புக்கும் தக்காளி தேவையே இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை, அப்போது கடல் மீன் விலை ஏறத்தான் செய்யும், கருவாடு, முட்டை, ஏரி மீன் என்று மாறிக்கொள்ளுங்கள். புரட்டாசியில் விரதம் இல்லாத வீடாக இருந்தால் கோழியும் முட்டையும் மலிவாகச் சாப்பிடலாம், ஊரே உங்களுக்காக விலையைக் குறைத்துக் கொடுக்கிறது.

பக்கத்தில் உழவர் சந்தை இருந்தால் வாரம் ஒரு தடவை போவது மதிப்புள்ள வேலை. 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய திட்டம், இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்கிறார், அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். விடிகாலையில் போனால்தான் நல்ல காய். காலையில் யார் எழுந்து போவது என்பதுதான் பிரச்சினை என்றால், வாக்கிங் போகிற ஆளிடம் பையைக் கொடுத்துவிடுங்கள், பெரும்பாலும் அது அப்பாவாகத்தான் இருக்கும்.

மளிகையில் பாக்கெட்டின் பின்னால் சின்ன எழுத்தில் ஒரு எண் இருக்கிறது, ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலை என்று. எம்ஆர்பியோடு அதையும் அச்சடிக்க வேண்டும் என்பது விதி. இனிமேல் எம்ஆர்பியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பது பொய் என்று அதைப் பார்த்தால் தெரியும். பல ஷாம்பூக்களில் இரண்டு ரூபாய் சாஷே பாட்டிலைவிட மில்லிக்கு மலிவு. எண்ணெயில் இன்னும் கவனம் தேவை. ஒரு லிட்டர் எண்ணெய் எடை போட்டால் 910 கிராம் போல வரும், பக்கத்தில் அதே அளவு தெரிகிற இன்னொரு பாக்கெட்டில் 800 மில்லி என்று இருக்கும், பத்து ரூபாய் குறைவு என்று அதை எடுத்துக்கொண்டு வருவோம். பிஸ்கட், சோப்பு, டீத்தூள் எல்லாவற்றிலும் விலை அப்படியே நிற்கும், கிராம் மட்டும் சத்தமில்லாமல் இறங்கும். 2025 செப்டம்பர் 22லிருந்து சோப்பு, ஷாம்பூ, பற்பசைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, நெய், வெண்ணெய்க்கு 12லிருந்து 5. வழக்கமாக வாங்குகிற பாக்கெட்டில் அது விலையில் தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

புளி, மிளகாய், மல்லி மூன்றையும் மாசி முதல் சித்திரை வரையிலான அறுவடை நேரத்தில் மொத்தமாக வாங்கி வெயிலில் காயவைத்துவிட்டால் அந்த வருஷத்துக்கு அதைப் பற்றிப் பேச வேண்டாம். புளியைக் கொட்டை எடுத்து, நடுநடுவே கல் உப்புத் தூவி, பானையில் அடைத்து வைத்தால் கெடாது. மிளகாய்ப்பொடியை மில்லில் அரைத்துக்கொண்டால் பாக்கெட்டைவிட மலிவு, நிறமும் காரமும் பேச்சே இல்லை. வருஷத்துக்கு ஒரு நாள் வேலை, எல்லோரும் சேர்ந்து செய்தால் அரை நாள்.

ரேஷன் கார்டு பீரோவில் அடையாள அட்டையாகத் தூங்குகிற வீடுகள் நிறைய. அரிசி கார்டு வைத்திருப்பவர்களுக்குத் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது, அரிசி இலவசம். வெளியே பருப்பு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். பாமாயிலில் சமைக்கப் பிடிக்காதவர்கள் அப்பளம் பொரிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். புழுங்கலரிசி சோற்றுக்குப் பிடிக்காவிட்டாலும் இட்லிக்கும் தோசைக்கும் அருமையாகப் பொருந்தும். கௌரவம் பார்க்கிறவர்களுக்கு என்ன சொல்ல, வரியும் நாம்தான் கட்டுகிறோம்.

சென்னையில் ஆவின் பால் வாங்குகிறவர்கள் மாத அட்டை எடுத்தால் பாக்கெட் விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும். முன்பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மாவு, அடுப்பு

இட்லி மாவு கடையில் கிலோ 50, 60 ரூபாய். வீட்டில் ஒரு கிலோ இட்லி அரிசியும் கால் கிலோ உளுந்தும் போட்டால் 90 ரூபாய்க்குள் மூன்று கிலோ மாவு வந்துவிடும், ரேஷன் அரிசி என்றால் உளுந்து விலை மட்டும்தான். கணக்கு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊறவைத்து, அரைத்து, கிரைண்டர் குழவியைத் தூக்கிக் கழுவி, நாலு பாத்திரம் தேய்ப்பது யார்? வேலைக்குப் போய்விட்டு வந்த பெண்தான் இதையும் செய்ய வேண்டும் என்றால், எழுபது, எண்பது ரூபாய்க்கு அது நல்ல பேரம் இல்லை என்றே சொல்வேன். கிரைண்டர் கழுவுவதை மகனோ கணவரோ எடுத்துக்கொண்டால் அரையுங்கள், இல்லையென்றால் தெருவில் அரைத்து விற்கிற அக்காவிடம் தூக்குச்சட்டி கொண்டுபோய் வாங்குங்கள், பிராண்டு பாக்கெட்டைவிட அது மலிவு.

கேஸ் விஷயத்தில் யாருக்கும் வேலை கூடாத வழிகள் இருக்கின்றன. துவரம் பருப்பையும் அரிசியையும் அரை மணி நேரம் ஊறவைத்தால் விசில் குறையும். குக்கரில் சோறு மட்டும் வைக்காமல் அடுக்கு வைத்து மேலே பருப்பு, அதற்கும் மேலே உருளைக்கிழங்கோ பீட்ரூட்டோ வைத்துவிடுங்கள். முதல் விசில் வந்தவுடன் சிம்மில் போடுங்கள், தீ பெரிதாக எரிவதால் சோறு சீக்கிரம் வேகாது, ஆவிதான் வெளியே போகும். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், கழற்றி ஊசியால் துளைகளைச் சுத்தம் செய்தால் போதும். சிலிண்டர் வரும்போது எடை போட்டுக் காட்டச் சொல்லலாம். காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ சேர்த்து வர வேண்டும். பில் தொகையிலேயே வீட்டில் கொண்டுவந்து தரும் கட்டணமும் அடக்கம். மூன்றாவது மாடிக்குத் தூக்கி வருகிறவருக்கு நீங்களாகக் கொடுப்பது வேறு விஷயம், அதை நான் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

மருந்து

வீட்டில் சுகர், பிரஷர் இருக்கிறவர்கள் இரண்டு பேர் இருந்தால் மாதாமாதம் மருந்துக் கடைக்குப் போகிற காசு கரண்ட் பில்லைத் தாண்டும். இங்கே மிச்சம் பெரிது, ஆனால் பயத்தினால் யாரும் கை வைப்பதில்லை. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் மெட்ஃபார்மின், அம்லோடிபின், டெல்மிசார்டன் என்று இருப்பதுதான் மருந்து. அதே மருந்து, அதே மில்லிகிராம், மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரி 24ல் தமிழ்நாடு முழுக்க ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகத்திலும் பெரும்பாலும் பாதிக்கும் கீழான விலையில் கிடைக்கிறது. சீட்டைக் கொண்டுபோய் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கி, டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள். தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மருந்துகளை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றவே கூடாது.

இன்னொன்று, 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிற மக்களைத் தேடி மருத்துவம். சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் தேடாமல் இப்போதே எடுத்து வையுங்கள், வருஷத்துக்கு 5 லட்சம் வரை அதில் இருக்கிறது.

போன், ஆப், பஸ்

28 நாள் ரீசார்ஜ் என்பது வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். 84 நாள், ஒரு வருஷம் என்று போட்டால் நாளைக்கு எவ்வளவு வருகிறது என்று வகுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் வைஃபை இருந்தால், நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிற அப்பா அம்மாவுக்குத் தினம் 2 ஜிபி எதற்கு? பேச மட்டும் என்று தனி பிளான் 2025லிருந்து எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறது, ஆனால் ஆப்பின் முகப்பில் வைக்க மாட்டார்கள், உள்ளே போய்த் தேட வேண்டும்.

யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கிறது, இப்போதே திறந்து பாருங்கள். ஒரு படம் பார்க்க எடுத்த ஓடிடி, பிள்ளை ஒரு ரூபாய்க்கு டிரையல் என்று தட்டிய ஏதோ ஒரு ஆப், இரண்டு மூன்றாவது அங்கே உட்கார்ந்திருக்கும். நிறுத்த ஐந்து நிமிஷம்.

சாப்பாட்டு ஆப்பில் பிரியாணி வாங்குவது தப்பு இல்லை, ஆனால் அதே கடையின் மெனு அட்டையில் இருக்கிற விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பல கடைகள் ஆப்பில் தனி விலை வைத்திருக்கும், அதற்கு மேல் டெலிவரி, பிளாட்பாரம், பேக்கிங் என்று தனித்தனிக் கட்டணம். கடைக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டு வண்டியில் போய் எடுத்து வந்தால் அதே பிரியாணிதான், சூடாகவும் இருக்கும். பத்து நிமிஷ மளிகை ஆப்பில் கொத்தமல்லி ஒன்று தேவை என்று போய், டெலிவரி இலவசமாக வேண்டும் என்பதற்காக சிப்ஸும் சாக்லெட்டும் சேர்ப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அந்த ஆப்பை ஒரே ஒருவர் போனில் மட்டும் வையுங்கள், வேறு கட்டுப்பாடு தேவையில்லை.

பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ் 2021 மே மாதத்திலிருந்து இலவசம். சென்னையில் வேலைக்குப் போகிற ஆண்களுக்கு 1,000 ரூபாய் மாத பாஸ் இருக்கிறது, தினம் இரண்டு பஸ் மாறிப் போகிறவருக்குக் கட்டாயம் லாபம்.

கடன் வட்டி

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்து மாதம் ஆயிரத்து ஐந்நூறு மிச்சம் பிடித்துவிட்டு, கிரெடிட் கார்டில் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் பிரயோஜனமே இல்லை. அதில் வட்டி மாதம் 3 முதல் 4 சதவீதம் வரை ஓடுகிறது. 50,000 ரூபாய் பாக்கி என்றால் மாதம் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் வட்டிக்கே போகும், அதன் மேல் ஜிஎஸ்டி வேறு. நகை சும்மா இருந்தால் அதை பேங்கில் வைத்துக் கார்டை அடைத்துவிடுவது நல்லது, நகைக்கடன் வட்டி அதில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது. நகை அடகு போவதை அவமானமாக நினைக்கிற வீடுகளில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

மாதக் கணக்கில் வராத செலவு

கையைக் கடிப்பது பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவைதான். ஜூனில் பள்ளிக் கட்டணம், வண்டி இன்ஷூரன்ஸ், தீபாவளித் துணி, குலதெய்வக் கோயில் பயணம். அப்புறம் மொய். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் பத்திரிகைகள் வரிசையாக வந்து நிற்கும், அதை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை, ஆனால் மொய் நோட்டைத் திறந்தால் யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பது முன்பே தெரிந்த கணக்குத்தானே. இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். வருகிற தொகை பயமாக இருக்கும், பரவாயில்லை. சொந்த வீடு வைத்திருப்பவர்கள் வீட்டு வரியையும் சேர்க்க வேண்டும், மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் அரையாண்டின் முதல் மாதத்திலேயே, அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிட்டால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு.

அந்தத் தொகைக்குத் தபால் நிலையத்திலோ பேங்கிலோ ஒரு ஆர்டி (மாதாமாதம் ஒரே தொகை கட்டிச் சேர்க்கிற கணக்கு) போட்டு, சம்பளம் வந்த மறுநாளே தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள். தபால் நிலைய ஆர்டி ஐந்து வருஷத்துக்கு, அதனால் இதற்குப் பேங்கில் ஒரு வருஷ ஆர்டிதான் வசதி. ஒன்றாகப் போடாமல் இரண்டாகப் பிரிப்பது இன்னும் நல்லது: ஒன்று மே மாதம் முடிகிற மாதிரி, அது பள்ளிக்கு. இன்னொன்று செப்டம்பரில் முடியட்டும், தீபாவளித் துணியை கோ-ஆப்டெக்ஸ் 30 சதவீதத் தள்ளுபடியில், கூட்டம் சேர்வதற்கு முன்பே எடுத்துவிடலாம்.